ஸ்கின்: நார்மல்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து எஸ்டேட் திறந்த முதல் நாள். காலை எட்டு மணிக்கே சென்டர் வாசலில் பத்தொன்பது பேர். ஊருக்குப் போய்க் கறியும் பலகாரமும் தின்றுவிட்டு வந்த வயிறுகள் பாதி. மீதி சளி, காய்ச்சல். மழை விட்டபாடில்லை.

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காட்டுத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடுவில் ஒரு ஓட்டுக் கட்டடம். இரண்டு அறை, வீடியோவுக்கு ஒரு டேப், ஒரு நர்சு: நான். டாக்டர் இனியவன் கீழே போடியில், இதை நடத்துகிற டிரஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து வீடியோவில் பார்க்கிறார். இதே போல இன்னும் மூன்று சென்டர்களுக்கும் அவர்தான். நான் பிரஷர், பல்சு, ஆக்சிஜன், சூடு எல்லாம் எடுத்து டேப்பில் ஏற்ற வேண்டும். அவர் பேசுவார், மருந்து எழுதுவார், நான் எடுத்துக் கொடுப்பேன்.

சின்னச்சாமி இன்று சர்க்கரைக்கு வந்திருந்தார். முன்பு மாத்திரை வாங்கப் போடிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் வேலை போய்விடும். பதினேழு வளைவிலும் வாந்தி எடுப்பாராம். அதற்குப் பயந்தே மாத்திரையை விட்டு, கால் விரலில் புண் வாங்கிக்கொண்டவர். இப்போது மாதம் தவறாமல் வருகிறார். புண்ணும் ஆறிவிட்டது. "போடி டாக்டரு லீவுன்னு சொன்ன நாள் ஒன்னு உண்டா? பொட்டியத் தொறந்தா இருக்காரு" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக மகாராணி. ஏலக்காய் எடுக்கிறவள், முப்பத்து நாலு வயது. புருஷன் தங்கபாண்டி அதே எஸ்டேட்டில் செடிக்கு மருந்து அடிக்கிறான். இருவருக்கும் ஊர் பொட்டிபுரம். நேற்றிலிருந்து பனி என்றாள். இங்கே காய்ச்சலை மலையாளத்துக்காரர்கள் போலப் பனி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 101 இருந்தது. தலைவலி. வைரல் மாதிரி இருக்கிறது, மூன்று நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். பாரசிட்டமால் கொடுத்தேன்.

ஒவ்வொருவருக்கும் பதினோரு கட்டம் நிரப்ப வேண்டும். தொண்டை, நெஞ்சு, வயிறு, ஸ்கின் என்று போகும். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டன்: நார்மல், அப்நார்மல், பார்க்கவில்லை. மூன்றாவதை அழுத்தினால் ஏன் பார்க்கவில்லை என்று காரணம் கேட்டு இன்னொரு கட்டம் திறக்கும். பத்தொன்பது பேருக்கு யார் உட்கார்ந்து எழுதுவது? நார்மல், நார்மல், நார்மல்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. சிக்னல் ஒரு புள்ளி. மூன்று பேரைத்தான் பார்க்க முடிந்தது.

நவம்பர் 7, வியாழன்

மகாராணி திரும்ப வந்தாள். காய்ச்சல் 103. கண் சிவந்திருக்கிறது. தலை வெடிக்கிறது என்றாள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டெங்கு டெஸ்ட் கார்டில் விட்டேன், இல்லை என்று காட்டியது.

டாக்டர் அவளிடமே கேட்டார். "உடம்புல எங்கயாவது புண்ணு, தடிப்பு, பூச்சி கடிச்ச அடையாளம் ஏதாவது இருக்காம்மா?"

அவள் டேப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இல்ல சார்."

"நீங்க பாத்தீங்களா சிஸ்டர்?"

"பாத்தேன் சார்."

கையைப் பார்த்திருந்தேன். கழுத்தைப் பார்த்திருந்தேன். முதுகில் ரவிக்கைக்கு மேலே தெரிகிற இடம் வரைக்கும். அவ்வளவுதான். வெளியே இன்னும் பதினொரு பேர் மழையில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். வீடியோ இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவை சேர்ந்திருந்தது. போதாததற்குத் தங்கபாண்டியும் அறைக்குள்ளேயே நின்றான். அவனை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அவளைப் படுக்கவைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் சிக்னல் போய்விட்டால்?

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார், எடுத்துக் கொடுத்தேன். போகும்போது மகாராணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, நம்ம பேசுறது படமெல்லாம் அந்தப் பொட்டியில பதிஞ்சு இருக்குமா?" தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

நவம்பர் 8, வெள்ளி

மகாராணி வரவில்லை. காய்ச்சல் விட்டிருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்றுத்தான் ராசிங்காபுரம் வீட்டுக்கு இறங்கினேன். மழையில் ரோடு போய்விடும் என்று இன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். வளைவுகளில் சின்னச் சின்னக் கல்லாக விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.

நவம்பர் 11, திங்கள்

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் ரோடு அடைபட்டுவிட்டது என்று சேதி வந்தது. ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் மண் சரிந்து மேலே ஒரு வண்டியும் ஏறவில்லை. கரண்டும் இல்லை. நோயாளிகள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்குத் தங்கபாண்டியும் இன்னும் மூன்று பேரும் ஒரு கம்பளியின் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் மகாராணி. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், பிறகு சொருகிக்கொள்கிறது. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தாறு. ஆக்சிஜன் 86. பிரஷர் 80-க்கு 50. இரண்டாவது தடவை பார்த்தேன், மூன்றாவது தடவையும் பார்த்தேன். அதேதான்.

"ஏப்பா இத்தனை நாளாக் கொண்டு வரல?" என்று கேட்டேன்.

"டாக்டரு அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்தாருல்லக்கா. முடியட்டும்னு இருந்தோம்."

டேப்பில் டாக்டர் முகம் வந்தது. வாயைத் திறந்தவாறு அப்படியே நின்றுவிட்டது. குரல் இல்லை. அறுந்தது. போனில் கூப்பிட்டேன், உள்ளே சிக்னல் இல்லை. வாசலிலும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் இரண்டு புள்ளி நிற்கும். முப்பது அடி தூரம். இவளை விட்டுவிட்டு நான் எப்படி அங்கே போய் நிற்பது?

ஜீப்பு ஓட்டுகிற சுருளிவேல் கூட்டத்தோடு நின்றிருந்தான். "போனைக் கொண்டாங்கக்கா" என்று வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். மழையில் நனைந்துகொண்டு, ஒரு காதில் டாக்டரும் மறு காதில் நானுமாக நின்றான். நான் கத்துவேன், அவன் சொல்லுவான். அவர் சொல்லுவார், அவன் கத்துவான்.

"பல்சு நூத்தி முப்பதாம் சார். ஆமா, மூச்சு வாங்குது. அக்கா, மொதல்ல சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டச் சொல்றாரு. வெரசா."

மாட்டினேன்.

"அக்கா, ஆம்பளைங்களை வெளிய அனுப்பிட்டுத் துணியெல்லாம் விலக்கிப் பாக்கச் சொல்றாரு. அக்குளு, மாருக்குக் கீழ, இடுப்பு, தொடை இடுக்கு. கறுப்பாப் பக்குப் பிடிச்ச புண்ணு இருக்கான்னு. ஒரு எடம் விடாமப் பாக்கணுமாம்."

கதவைச் சாத்தினேன். அக்குளில் இல்லை. மார்புக்குக் கீழே இல்லை. பாவாடை நாடாவை அவிழ்த்தேன். இடது இடுப்பில், நாடா அழுந்துகிற வரியில், இருந்தது. ஒரு ரூபாய்க் காசை விடச் சின்னது. பீடியால் சுட்ட மாதிரி நடுவில் கறுத்த பக்கு. சுற்றிலும் சிவந்த வளையம்.

மகாராணி கண்ணைத் திறந்து, "நாடா உரசுன புண்ணுக்கா" என்றாள்.

கதவைத் திறந்து கத்தினேன். சுருளிவேல் மேட்டிலிருந்து அதையே திருப்பிச் சொன்னான். "இடுப்புல இருக்காம் சார், கறுப்பா." போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டான். பிறகு: "உண்ணிக் காய்ச்சலாம்க்கா. 'டாக்ஸி'ன்னு பேரு ஆரம்பிக்கிற மாத்திரை கிட்டுல இருக்கான்னு கேக்குறாரு."

இருந்தது. எட்டு மாதமாகப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. இரண்டு கேப்சூல். முழித்து விழுங்குகிறாளா என்று முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். விழுங்கினாள். உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. சலைன் ஏற்றினேன். கால் பாட்டில் போனதும் நிறுத்து, மூச்சைப் பார், மறுபடி பிரஷர் பார். ஒவ்வொன்றும் அந்த மேட்டிலிருந்து மழைக்குள்ளாக வந்தது. பன்னிரண்டே கால் மணிக்குப் பிரஷர் 92 வந்தது. சுருளிவேல் அதை இரண்டு தடவை கத்திச் சொன்னான்.

சிலிண்டர் இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் வரும். ஆம்புலன்சு மண் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் வந்து நிற்கிறது, அங்கே வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள் என்றார் டாக்டர். சுருளிவேலின் ஜீப்பில் பின் சீட்டைக் கழற்றி அவளைப் படுக்கவைத்தோம். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். தங்கபாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

சரிவு ஐம்பது அடி அகலம் இருக்கும். முழங்கால் வரை சேறு. ஒரு கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுத் தூக்கினார்கள். ஒருவன் வழுக்கினான், கட்டில் சாய்ந்தது, பிடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு ஒரு ஆள் சேற்றில் இறங்கி வந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் அது இனியவன் டாக்டர் என்று தெரிந்தது. எட்டு மாதமாக மார்பு வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று நினைக்கவில்லை.

ஆம்புலன்சுக்குள் சேலையை விலக்கி அந்தப் புண்ணைப் பார்த்தார். "இது பத்து நாளுக்கு மேல இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கதவு சாத்தும் வரைக்கும் நேரம் இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

தேனி பெரியாஸ்பத்திரி. மகாராணிக்குத் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் மூச்சு.

நவம்பர் 13, புதன்

டாக்டர் கூப்பிட்டார். ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் உறுதியாகிவிட்டதாம். நுரையீரலில் தண்ணீர், கிட்னியும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது. "அன்னைக்கு நீங்க மாத்திரை குடுக்கலைன்னா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டாங்கன்னு அங்க டூட்டி டாக்டர் சொன்னாரு சிஸ்டர். நல்லாச் செஞ்சீங்க."

நல்லாச் செஞ்சீங்க. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை.

இலைச் சருகில் இருக்கிற பூச்சி அந்த உண்ணி. கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கடித்த இடம்தான் கறுத்துப் பக்குப் பிடிக்கும். செடிக்கடியில் தரையோடு உட்கார்ந்து நாள் முழுக்கக் காய் எடுக்கிறவர்களுக்கு வராமல் யாருக்கு வரும்? டிரெயினிங்கில் சொன்னார்கள். நோட்டில் கோடு போட்டுக்கூட வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

ஒரு பக்க ரோடு திறந்துவிட்டார்கள். டிரஸ்ட் ஆபீசிலிருந்து கோஆர்டினேட்டர் சின்ராசு வந்தார். அவர் வண்டியைப் பார்த்ததும் லயன் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ரெண்டு தரம் காமிச்சும் கண்டுபிடிக்கலைன்னா அது என்ன டாக்டரு? பொட்டிக்குள்ள ஒக்காந்துகிட்டு மனுசனைப் பாத்துற முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், டேப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். சின்னச்சாமி மட்டும், "அதையும் எடுத்துட்டா நான் எங்கிட்டுப் போறது" என்றார். அவரை யாரும் பேசவிடவில்லை.

சின்ராசு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். தன் போனில் மகாராணியின் பதிவை எடுத்து வைத்திருந்தார். நாலாம் தேதி, ஸ்கின்: நார்மல். ஏழாம் தேதி, ஸ்கின்: நார்மல். கீழே என் பெயர், நேரம்.

"ரெண்டு தடவையும் பாத்திருக்கீங்க. நல்லதாப் போச்சு. அப்ப அந்தப் புண்ணு ஏழாம் தேதிக்கு அப்புறம்தான வந்திருக்கணும்? இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க சந்திரவல்லி. உங்களுக்கும் சேதாரம் இல்ல, டாக்டருக்கும் இல்ல."

ஒரே ஒரு பத்தி டைப் செய்திருந்தது. 'நவம்பர் ஏழாம் தேதி பரிசோதித்தபோது நோயாளியின் உடலில் புண் எதுவும் காணப்படவில்லை.'

காணப்படவில்லை. அது பொய்கூட இல்லை. நான் காணவே இல்லையே.

நாளைக்குத் தருகிறேன் என்றேன். திங்கட்கிழமை கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 15, வெள்ளி

என் வீட்டுக்காரர் மகாராஜன் போனில் சொன்னது: "எல்லா நர்சும் அப்படித்தான டிக் பண்ணுவாங்க? நீ மட்டும் போய் மாட்டிக்கிறாத. எழுதிக் குடுத்துட்டு ஒன் சோலியப் பாரு." அவர் கெட்ட மனுசன் இல்லை. என்னை நினைத்துத்தான் சொல்கிறார்.

இன்று காய்ச்சலோடு நாலு பேர் வந்தார்கள். நாலு பேரையும் கதவைச் சாத்தித் தலையிலிருந்து கால் வரை பார்த்தேன். ஒருத்தி அழுதுவிட்டாள், வெட்கத்தில். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. மூணே நிமிசம். மூணு நிமிசம்தான்.

நவம்பர் 16, சனி

தேனிக்குப் போனேன். அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

மகாராணியைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. தங்கபாண்டி வராண்டாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளில் பாதியாகிவிட்டான். நான் வாங்கிப்போன இட்லிப் பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், பிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "அக்கா, ஒன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அன்னைக்கு டாக்டரு கேட்டாருல்ல, பாத்தீங்களான்னு. நீங்க பாத்தேன்னீங்க. அப்ப அது இல்லாமத்தான் இருந்துச்சா?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அவனுக்குமே நிம்மதியாக இருந்திருக்கும். விதி என்று விட்டிருப்பான். வாயில் வந்தது. 'இல்லப்பா' என்கிற ஒரு சொல்.

"இருந்துச்சு தங்கபாண்டி. நான் பாக்கல" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்ததை நம்பவில்லை. "பாக்காமயா பாத்தேன்னு சொன்னீங்க?"

"ஆமா."

அவன் தரையைப் பார்த்தான். ஆயா ஒருத்தி வாளியோடு வந்து தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தோம். அவள் துடைத்துவிட்டுப் போனாள்.

"டாக்டரு பொட்டிக்குள்ள இருந்தாரு. சரி, அவருக்குத் தெரியாது" என்றான். "நீங்க அவ பக்கத்துல இருந்தீங்க அக்கா."

எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மழை இல்லாத நாள். எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 18, திங்கள்

காலை கிளினிக் தொடங்கும் முன்பு டாக்டரிடம் சொன்னேன். வீடியோவில் சொல்ல முடியவில்லை. கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலில் சொன்னேன்.

கோபப்பட்டார். பட வேண்டியதுதான். "ஏழாம் தேதியே தெரிஞ்சிருந்தா நாலே நாலு நாள் மாத்திரை சிஸ்டர். வீட்ல இருந்தே சரியாயிருக்கும். மெஷினுக்குப் போயிருக்கத் தேவையில்ல." லைன் அறுந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்தேன், இல்லை.

"அன்னைக்கு நாலு சென்டர்லயும் சேத்து அறுபத்து நாலு பேரு" என்றார். "நீங்க பாத்தேன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அடுத்த ஆளுக்குப் போகலாம்ல. எங்க எல்லாம் பாத்தீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல." குரல் மாறிவிட்டது. "சரி. இந்த ஒரு மாசத்துல உங்க சென்டருக்குக் காய்ச்சல்னு வந்தவங்க எத்தனை பேரு?"

எண்ணிச் சொன்னேன். இருபத்து மூன்று.

"எல்லாருக்கும் ஸ்கின் நார்மல்னு போட்டிருக்கா?"

"ஆமா சார்."

"அப்ப எல்லாரையும் திரும்பப் பாக்கணும். இன்னைக்கே ஆரம்பிங்க."

சின்ராசு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நடந்ததை என் கையாலேயே ஒரு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பட்டியலை எடுத்துக்கொண்டு லயன் லயனாகப் போகிறேன். கிளினிக்கை மத்தியானம் இரண்டு மணிக்கு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். விஷயம் எனக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "இப்பயாச்சும் பாக்க வந்தியாக்கும்" என்றார்கள். ஆமாம், இப்போதுதான் வந்தேன்.

பதினொரு பேர் முடிந்தது. யாருக்கும் இல்லை.

நவம்பர் 20, புதன்

பொன்னுமணிக்கு இருக்கிறது.

மார்புக்குக் கீழே, மடிப்பில். அறுபது வயது. பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். சென்டரில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் விடுகிறது, அதனால் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மூச்சு நன்றாக இருந்தது, பிரஷர் நன்றாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் நின்றே டாக்டரைக் கூப்பிட்டேன். இன்றைக்குப் பார்த்து சிக்னல் கிடைத்தது. போடிக்கு இறங்க வேண்டியதில்லை, மாத்திரையை இப்போதே தொடங்குங்கள், காலையும் மாலையும் நேரில் போய்ப் பாருங்கள், பிரஷர், பல்சு எண்களை எனக்கு அனுப்புங்கள் என்றார்.

பட்டியலில் இருந்த சுடலை சொந்த ஊர் தேவாரத்துக்குப் போய்விட்டான். போனில் பிடித்தேன். படுத்துத்தான் கிடக்கிறானாம். அவன் மனைவியிடம் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அக்குள்ள ஒன்னு கறுப்பா இருக்கே, மச்சம்னுல்ல நெனச்சேன்" என்றாள். கையைத் தூக்கச் சொல்லி, வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். டாக்டர் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் அவளிடம் பேசினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே அனுப்பினார். சாயங்காலம் அவனுக்கு மருந்து ஏறிவிட்டது.

மலையில் இருந்துகொண்டு தேவாரத்தில் படுத்திருக்கிறவனின் அக்குளைப் பார்த்துவிட்டோம். நாலடி தூரத்தில் நின்ற மகாராணியைப் பார்க்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பொன்னுமணிக்குக் காய்ச்சல் இல்லை. முழுசாக விட்டுவிட்டது. கஞ்சி கேட்டாளாம். மகாராணி அப்படியேதான் இருக்கிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். சுருளிவேல்தான் வந்து சொன்னான். தங்கபாண்டி அவனுக்குப் போன் செய்திருக்கிறான். எனக்குச் செய்யவில்லை.

எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மெமோ வந்தது. விளக்கம் கேட்டு. ஏற்கெனவே எழுதியதையே திரும்ப எழுதினேன். ஆறு மாதம் கண்காணிப்பில் வைத்திருப்பார்களாம், அதற்குள் இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை. சரி.

டாக்டரும் ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை தன்னையே மேலே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு வியாழனுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டர் வந்தார். நாற்பது பேர். லயன் ஆட்கள் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். சின்னச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு பிள்ளைக்கு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தவர், முகம் மாறி, திரும்ப வைத்துக் கேட்டார். இதயத்தில் ஓட்டை இருக்கும் போல என்றார் என்னிடம் மெதுவாக. அந்தப் பிள்ளையை வீடியோவில் அவரே மூன்று தடவை பார்த்திருக்கிறார்.

டிசம்பர் 20, வெள்ளி

மகாராணி வீட்டுக்கு வந்துவிட்டாள். போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். தங்கபாண்டி என்னைப் பார்த்ததும் விறகு எடுக்கப் பின்பக்கம் போய்விட்டான்.

எலும்பும் தோலுமாக இருக்கிறாள். தலைமுடி கொத்தாக உதிர்கிறது. இடது காது கேட்கவில்லை, வலப்பக்கம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. என்னிடம் கோபமில்லை அவளுக்கு. அதுதான் தாங்கவில்லை. "நானும் சொல்லாமத்தானக்கா இருந்தேன். டாக்டரு கேட்டப்பவே இடுப்புல உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. பொட்டிக்கு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு" என்றாள்.

"நீ சொல்லாட்டியும் நான் பாத்திருக்கணும்."

"ஆமா" என்றாள். உடனே. அதில் கொஞ்சம் மூச்சு வந்தது எனக்கு.

தேனிக்கு வாராவாரம் போக இவளால் முடியாது, பதினேழு வளைவில் குலுங்கிப் போய் வந்தால் திரும்பப் படுத்துவிடுவாள். ரத்தம் மட்டும் நான் எடுத்துக் கீழே அனுப்பினால் போதும், டாக்டர் தேனியில் கலந்து பேசிக்கொண்டு வீடியோவில் பார்ப்பார். அவள் கட்டிலில் படுத்தபடியே பேசலாம்.

ஜனவரி 4, சனி

மகாராணிக்குக் கிட்னி சரியாகிவிட்டது. ரிப்போர்ட்டை டாக்டர் வீடியோவில் காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் முழுவதும் பார்த்தாள். காதுக்குத்தான் வழியில்லை போல. தங்கபாண்டி வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் வராத வியாழன். கூட்டம் குறைவு. பத்து மணிக்கு மேல் தங்கபாண்டி வந்தான்.

சென்டருக்குள் அவன் வருவது அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. என்ன வேண்டும் என்று கேட்கப் பயமாக இருந்தது. மகாராணிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"ராத்திரியில இருந்து பனியடிக்குது" என்றான் சுவரைப் பார்த்து.

சூடு எடுத்தேன், 100.4. பிரஷர், பல்சு, ஆக்சிஜன் எல்லாம் எழுதினேன். கதவைச் சாத்தப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"பாருங்கக்கா" என்றான்.

பார்த்தேன். கழுத்து, காதுக்குப் பின்னால், இரண்டு அக்குள், முதுகு, விலா. வேட்டியைத் தளர்த்தச் சொன்னேன், தளர்த்தினான். இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம், கால் விரல் இடுக்கு. கை குளிர்ந்திருந்தது போல, ஒரு இடத்தில் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்து அடிக்கிற டின் அழுத்திய தழும்பு தோள்பட்டையில் இருந்தது, பழசு. வேறொன்றும் இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தேன். அவன் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஒன்னும் இல்லப்பா. சட்டையைப் போட்டுக்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.